யார் தூக்கிவிட்டது?

உட்காருங்கள் தோழர். அந்த நாற்காலியில் வேண்டாம், அது எனக்கு வேண்டும். கட்டிலில் உட்காருங்கள். இன்னும் ஐந்து முறை நான் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. பேசிக்கொண்டே முடித்துவிடுவேன். ஏழு மணிக்கு ஓர் இடத்துக்குப் போயாக வேண்டும், அதற்குள் உங்கள் வேலையும் முடிந்துவிடும்.

மலர்க் குழு உங்களை எதற்கு அனுப்பியிருக்கிறது என்று தெரியும். சங்கத்தின் பொன்விழா மலரில் இந்தப் படத்தைப் போட என் கையெழுத்து வேண்டும். கொடுங்கள், பார்க்கிறேன். படம் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. என் வேட்டிக் கரை கூடத் தெரிகிறது. ஆனால் கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'நாற்பதாண்டுப் பகையை மறந்து தோழர் வெள்ளிங்கிரியை ஆரத்தழுவும் தோழர் ஆறுக்குட்டி.'

யார் எழுதியது இது?

நீங்களா. பரவாயில்லை, பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். நான் பள்ளிக்கூடம் போனது ஏழாம் வகுப்பு வரைதான். மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில் படித்தது, பிறகு துண்டறிக்கை எழுதிப் படித்தது. ஒரு வரியில் எது பொய் என்று எனக்குத் தெரியும். இந்த வரியில் எங்கள் இரண்டு பேருடைய பெயரைத் தவிர மற்றதெல்லாம் பொய். பகை மறக்கவில்லை. தழுவவில்லை. இது பழிவாங்கும் படம் தோழர். மனிதன் ஒருவன் ஓராண்டு பாடுபட்டு, திட்டமிட்டு, உடம்பைத் தயார் செய்து பழிவாங்கிய தருணம். அதைப் போய்த் தழுவல் என்று போடுகிறீர்கள். மாற்றாவிட்டால் மலர் வெளியிடும் அன்றைக்கு வாசலில் நின்று மறுப்பு அறிக்கை கொடுப்பேன். அச்சகக்காரன் எனக்கு இன்னும் கடனுக்கு அடித்துக்கொடுப்பான்.

கேளுங்கள். மூன்று முடிந்தது. மூச்சு வாங்கவில்லை, கவனித்தீர்களா?

போன தைக்கு முந்தின தை மாதம். நூற்றுப்பன்னிரண்டு நாள் வேலைநிறுத்தத்தின் ஆண்டு நாள். எங்கள் மில்லில் நாங்கள் நடத்தியது அந்த வேலைநிறுத்தம். போராட்டக் குழுவில் ஒன்பது பேர். நூற்றுப்பன்னிரண்டாம் நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் வெள்ளிங்கிரி. நான் போடமாட்டேன் என்றேன், பதினான்கு கோரிக்கையில் மூன்றுதான் வந்திருக்கிறது என்றேன். 'மூணு வந்துச்சே ஆறுக்குட்டி, சனங்க வீட்ல அடுப்பெரியல' என்றான். அன்றோடு பேச்சு நின்றது. அவன் ஒரு சங்கம், நான் ஒரு சங்கம். மில்லையே மூடி, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்த பிறகுதான் ஆள் பற்றாமல் இரண்டு சங்கமும் ஒன்றானது. அதுவும் எனக்குச் சம்மதமில்லை.

ஆண்டு நாளில் ஒரு வழக்கம் உண்டு. மறைந்த தோழர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அத்தனை பேரும் எழுந்து நிற்க வேண்டும். இன்னொரு வழக்கம், தலைவர்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது, தொழிலாளர்களோடு ஜமுக்காளத்தில் உட்கார வேண்டும். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. எழுபத்திரண்டு வயதில் ஜமுக்காளத்தில் இருந்து எழுந்திருப்பது எப்படி என்று அந்தத் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

முதல் பெயரை வாசித்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள். நான் கையை ஊன்றினேன். முட்டி மடங்கினது மடங்கினதுதான். இன்னொரு தடவை ஊன்றினேன். மண்டபமே மௌனமாக நிற்கிறது, என் முட்டி படக்கென்று சொடுக்கின சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கும். அம்மா என்று முனகினேன் என்று சொல்கிறார்கள். முனகியிருக்க மாட்டேன்.

அப்போது வந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். மேடைப் பக்கம் நின்றவன் இறங்கி வந்து, பின்னால் நின்று, என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, ஒரு மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி நிறுத்தினான். அதோடு போயிருந்தால் கூட நான் மறந்திருப்பேன். பட்டியல் முடிந்ததும் நேராக மைக்குக்குப் போனான்.

"தோழரை அன்னைக்கும் நாந்தான் தூக்கிவிட்டேன், இன்னைக்கும் நாந்தான் தூக்கிவிட்டேன்" என்றான்.

சிரித்தார்கள். முந்நூறு பேர். கைதட்டினார்கள்.

தூக்கிவிடுவது என்றால் நம் பேச்சில் என்ன பொருள்? ஒன்றுமில்லாதவனை ஆளாக்கிவிடுவது. இவன்தான் என்னை ஆளாக்கினானாம். பதினெட்டு நாள் சிறையில் இருந்தவன் நான். இவன் பதினைந்து.

அன்று வீட்டுக்கு வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து முடிவெடுத்தேன். அடுத்த ஆண்டு நாளில் என் கையால் அவனைத் தூக்க வேண்டும். அதே இடத்தில், அதே முந்நூறு பேர் முன்னால். அதே மைக்கில் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அவனோ வாட்டசாட்டமான ஆள். எழுபத்தெட்டு கிலோ இருப்பான். அந்த வயதில் எப்படி அவனுக்கு எழமுடியாமல் போகும் என்று நான் யோசிக்கவில்லை. எப்படியும் போகும் என்று ஒரு நம்பிக்கை.

ஐந்து. முடிந்தது. இனி அந்த மணல் மூட்டையை இப்படி நகர்த்துங்கள். உங்களால் முடியாது, விடுங்கள், நானே எடுக்கிறேன்.

ஒண்டிப்புதூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. எஸ்தர் என்று ஒரு அம்மாள் நடத்துகிறார். ஒரு காலத்தில் மாநில அளவில் பளு தூக்கினவர். ஐம்பது வயது இருக்கும், தோள் இந்தக் கதவு அகலம். அவரிடம் போய் நான் தயாரித்த திட்டத்தைக் கொடுத்தேன். அட்டவணை போட்டு, எண் போட்டு, பதினான்கு பயிற்சிகள். காலையில் ஏழு, மாலையில் ஏழு. கழுத்துக்கு, விரலுக்கு, எல்லாவற்றுக்கும். எங்கெங்கோ படித்துத் திரட்டியது.

முழுக்கப் படித்தார். சிரிக்கவில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை. "ஐயா, சங்கத்துல இருந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இது கோரிக்கை மனு மாதிரியே இருக்கு. பதினாலு கேட்டா எத்தனை கிடைக்கும்?"

மூன்று என்றேன். வாயில் வந்துவிட்டது.

"அப்ப மூணுலேயே ஆரம்பிச்சிடலாம்" என்று சொல்லி, என் தாளில் பதினொன்றை அடித்துவிட்டார். மிச்சம், நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுவது. தரையில் இருந்து கனத்தைத் தூக்குவது. தூக்கியதைச் சுமந்து நடப்பது. வாரத்துக்கு மூன்று நாள். நான் ஏழு நாளும் செய்வேன் என்று வாதாடினேன். "ஓய்வு நாள்லதான்யா உடம்பு பலமாகும். வேலை நாள்ல இல்ல" என்றார். வார விடுமுறைக்காக ஊர்வலம் போனவன் நான். எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன், இந்த ஒரு வாதம் அன்றைக்குக் கையில் கிடைத்திருந்தால் நிர்வாகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

அங்கே இயந்திரங்கள் நிறைய இருக்கின்றன. பையன்கள் கண்ணாடி முன்னால் நின்று புஜத்தைப் படமெடுத்துக்கொள்வார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டாம் என்று எஸ்தர் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு சாக்கு, கொஞ்சம் மணல், இரண்டு வாளி, ஒரு நாற்காலி. அவ்வளவுதான் செலவு. முதல் வாரம் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, அதிலிருந்து எழுந்தேன். பங்குனியில் ஒரு தலையணை போனது. வைகாசியில் இரண்டாவதும் போனது. சாக்கில் முதலில் பத்து கிலோ. ஒவ்வொரு பயிற்சி நாளும் ஒரு பிடி மணல் சேர்ப்பேன். ஒரே ஒரு பிடி. இரண்டு பிடி போட்டுப் பார்த்தேன் ஒரு வாரம், இடுப்பு பிடித்துக்கொண்டது. எஸ்தர் திட்டினார். 'அவசரப்பட்டா உடம்பு வேலைநிறுத்தம் பண்ணிடும்' என்றார். அந்த அம்மாள் என்னிடம் பேசிப் பேசி நன்றாகவே பேசக் கற்றுக்கொண்டார்.

மற்றவர்களிடம் எதற்காகப் பயிற்சி என்று கேட்டு எழுதிக்கொள்வார். சர்க்கரை, மூட்டுவலி, மகள் கல்யாணம் என்று ஏதாவது இருக்கும். என்னிடம் கேட்டபோது, எழுபத்தெட்டு கிலோ ஆளைத் தரையில் இருந்து தூக்க வேண்டும் என்றேன்.

"யாரு, சொந்தக்காரரா?"

"எதிரி."

பேனாவை மூடிவிட்டார். "எதிரிய எதுக்குய்யா தூக்கணும்? தள்ளிவிட்டா போதாதா?"

தள்ளிவிடுவதை யாரும் செய்வார்கள் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கனத்தை நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்கணும், முதுகு வளையக் கூடாது, பாதத்தால் தரையைத் தள்ளணும், கையால் இழுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். பாருங்கள், இப்படி. நெஞ்சோடு. இப்போது இது ஐம்பத்தைந்து கிலோ. அன்றைக்கு ஐப்பசியில் ஐம்பதுதான் இருந்தது.

ஐப்பசியில்தான் அந்தச் செய்தி வந்தது. வெள்ளிங்கிரி குளியலறையில் விழுந்துவிட்டான், இடது பக்கம் வரவில்லை, பேச்சும் குழறுகிறது என்று. எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இன்னும் மூன்று மாதம் இருந்திருக்கக் கூடாதா? நான் ஐம்பதில் நிற்கிறேன். அவன் அதற்குள் போய்ப் படுத்துவிட்டான். எதையும் ஒழுங்காக முடிக்க விட்டதில்லை அவன், நூற்றுப்பன்னிரண்டாம் நாளும் அப்படித்தான். அன்றைக்கு ஓய்வு நாள், ஆனாலும் நான் மூட்டையைத் தூக்கினேன். பலமுறை தூக்கினேன்.

பார்க்கப் போனேனா என்று கேட்கிறீர்களா? போகவில்லை. மருத்துவமனை வாசல் வரை போனேன். அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தது.

தை மாதம் வந்தது. அதே மண்டபம். வெள்ளிங்கிரியைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தீர்மானத்துக்கு விரோதம், நான் எழுந்து ஆட்சேபிக்கவில்லை. பக்கத்தில் அவன் மனைவி மயிலாத்தாள். நான் ஜமுக்காளத்தில்தான் உட்கார்ந்தேன். பட்டியல் வாசிக்க ஆரம்பித்தார்கள். முதல் பெயருக்கே நான் எழுந்துவிட்டேன் தோழர். கை ஊன்றாமல். யாரும் கவனிக்கவில்லை, மௌனத்தில் எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் எழ முயன்றுகொண்டிருந்தான். வலது கையால் நாற்காலிக் கையைப் பிடித்து இழுக்கிறான், இடுப்பு வரமாட்டேன் என்கிறது. மயிலாத்தாள் அவன் தோளை அழுத்தி, வேண்டாம், உட்காருங்க என்கிறாள். கேட்கிற ஆளா அவன்.

நேரம் வந்துவிட்டது. நடந்தேன். எல்லோர் முன்னாலும் அவன் எதிரே போய் நின்றேன். அவன் என்னைத் தூக்கியது போலப் பின்னால் இருந்து கக்கத்தைப் பிடிக்கவில்லை, எனக்கு அந்தப் பழக்கமில்லை. ஓராண்டாக மூட்டையை எப்படித் தூக்கினேனோ அப்படித்தான் கை போனது. குனிந்து, இரண்டு கையையும் அவன் முதுகைச் சுற்றிக் கோத்து, நெஞ்சோடு ஒட்டி, பாதத்தால் தரையைத் தள்ளினேன்.

எழுபத்தெட்டு கிலோவுக்குத் தள்ளினேன் தோழர். வந்தது ஐம்பது கூட இல்லை.

கனமே இல்லை. என் பலத்துக்கு அவன் கால் தரையைவிட்டே எழும்பிவிட்டது. கீழே போட்டுவிடுவேனோ என்று இறுக்கிப் பிடித்தேன். அந்த நேரத்தில் எவனோ படமெடுத்திருக்கிறான். உங்கள் தழுவல் இதுதான்.

சரி, தூக்கியாகிவிட்டது. இனி மைக்குக்குப் போய் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். மைக் இருபதடி தூரத்தில் இருக்கிறது. விட்டால் விழுந்துவிடுவான். விடாவிட்டால் மைக் கிடைக்காது. பட்டியலில் நாற்பத்துநான்கு பெயர். முந்தின ஆண்டு நாற்பத்தொன்று. எங்கள் ஒன்பது பேர் குழுவில் ஏழு பேர் அதில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவன் உடம்பு ஒரு சின்ன உதறல் உதறும். கந்தசாமி பெயருக்கு உதறினான், மூக்கன் பெயருக்கு உதறினான். நாற்பத்துநான்கு பெயரும் முடிகிற வரை தூண் மாதிரி நின்றேன். எஸ்தர் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

மைக் இல்லாவிட்டால் போகிறது என்று அவன் காதிலேயே கேட்டேன். "யாருடா தூக்கிவிட்டது?"

பதில் சொல்லவில்லை. பேச்சு வரும் அவனுக்கு அப்போதே. கொஞ்சம் குழறும், ஆனால் வரும். வேண்டுமென்றே சொல்லவில்லை.

முடிந்ததும் கைதட்டினார்கள். போன தடவையைவிட அதிகம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பழிவாங்குகிறேன், இவர்கள் அழுகிறார்கள். இந்த வர்க்கத்துக்கு அரசியல் கல்வி போதாது என்று நாற்பதாண்டாகச் சொல்கிறேன்.

கூட்டம் கலையும்போது மயிலாத்தாள் என்னிடம் வந்தாள். அந்த வீட்டு வாசலை நான் மிதித்து நாற்பதாண்டு ஆகிறது, ஆனால் அவள் நேற்றுப் பார்த்தவள் மாதிரிதான் பேசினாள். "ஏனுங்கண்ணா, காத்தால கட்டில்ல இருந்து எழுப்பறதுக்கு ஆளில்லீங்க. பையன் ஒசூர்ல இருக்கான். எனக்குத் தூக்க முடியறதில்லை. நீங்க தூக்குனதப் பாத்தேன். அலுங்காம தூக்குனீங்க."

நான் யோசித்தேன். உணர்ச்சிவசப்பட்டு ஒப்புக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்காக யோசித்தேன். ஆண்டுக்கு ஒருமுறை தூக்கினால் ஒருமுறைதான் கேட்கலாம். தினமும் தூக்கினால் தினமும் கேட்கலாம். வருகிறேன் என்றேன்.

அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்குப் போகிறேன். அவன் வீடு அடுத்த வீதிதான். எஸ்தரிடம் போய்க் கேட்டேன், கட்டிலில் இருந்து எழுப்பும்போது கக்கத்தைப் பிடித்து இழுக்கவே கூடாதாம், வராத பக்கத்துத் தோள் இறங்கிவிடுமாம். அவன் முட்டிக்கு என் முட்டியை முட்டுக்கொடுத்து, முதுகைச் சுற்றிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி அவனையும் காலால் தள்ளச் சொல்ல வேண்டும். அப்படித்தான் செய்கிறேன். தூக்கி நிறுத்திய உடனே கேட்பேன். யாருடா தூக்கிவிட்டது? நீதான் என்று ஒரு சொல் சொல்லிவிடு, நாளையில் இருந்து இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். மயிலாத்தாள் சாட்சி.

ஐந்து மாதம் ஆகிறது. சொல்லவில்லை. டீ கேட்கிறான், சர்க்கரை போதவில்லை என்கிறான், பேப்பரை எட்டிப் பிடித்துத் தலைப்பை வாசித்து என்னோடு சண்டைக்கு வருகிறான். அந்த வேலைநிறுத்தத்தை இன்னும் பத்து நாள் நீட்டியிருக்கலாமோ என்று ஒருநாள் அவனாகவே சொன்னான். எனக்கு எரிச்சலாகிவிட்டது, நீட்டியிருந்தால் நாலு வீட்டில் பிணம் விழுந்திருக்கும், போடா என்றேன். எல்லாம் பேசுகிறான். அந்த ஒரு சொல் மட்டும் வராது. அவ்வளவு பிடிவாதம்.

இன்னொன்று. ஐம்பது கிலோவைத் தூக்குவது ஒரு பழியா? யாராவது கேட்டால் எனக்குத்தானே கேவலம்? அதனால் மயிலாத்தாளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் பருப்பு, சாயங்காலம் கம்பங்கஞ்சி. தினமும் தட்டில் ஒரு பிடி கூடுதலாக வை என்றேன். முட்டை நான் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன், அவளை நம்பினால் முடியாது. இப்போது ஐம்பத்துநான்கு. எழுபத்தெட்டு வரட்டும். முழுக் கனத்தோடு தூக்கிவிட்டுக் கேட்கிறேன். நாற்காலியில் இருந்து எழும் பயிற்சியையும் தொடங்கிவைத்திருக்கிறேன் அவனுக்கு, இரண்டு தலையணை போட்டு. கால் தள்ளினால்தானே எனக்கும் இடுப்பு பிடிக்காது.

அன்னைக்கும் நாந்தான் தூக்கிவிட்டேன் என்றானே, அது என்ன என்று கேட்கிறீர்கள். விடமாட்டீர்கள் போலிருக்கிறது. அது ஒன்றுமில்லை. வேலைநிறுத்தத்தின் முப்பதாம் நாள் மில் கேட்டில் தடியடி. என் மண்டை உடைந்து சாக்கடையில் விழுந்துவிட்டேன். தோளில் போட்டுக்கொண்டு சிங்காநல்லூர் மருத்துவமனை வரை ஓடினான். அவன் முதுகிலும் நாலு அடி விழுந்தது என்று சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. அது வேறு விஷயம். அதை இதோடு சேர்க்கக் கூடாது. மலரில் போடவும் வேண்டாம்.

மணி என்ன? ஆறே முக்கால். இந்தச் சட்டையை எடுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. அவன் வீட்டு கேட்டை மெதுவாகத் திறந்தேன். சன்னல் வழியாகப் பார்த்தால், நின்றுகொண்டிருக்கிறான். தனியாக. வலது கையால் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நேராக. கேட் என் கையிலிருந்து நழுவிக் கிரீச் என்றது. அவ்வளவுதான், திரும்பி, கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தை நோயாளி மாதிரி வைத்துக்கொண்டான்.

பாருங்கள் சூழ்ச்சியை. எழத் தெரிந்தவன், தினமும் என்னைத் தூக்கவைத்து வேலை வாங்குகிறான். எட்டு மணி நேரத்துக்கு மேல் எவனுக்கும் ஒரு நிமிடம் இலவசமாக உழைக்காதவன் நான். ஆனால் நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. எதிராளியின் இரகசியம் கையில் கிடைத்தால் உடனே வெளியிடக் கூடாது, அது போராட்ட விதி. முட்டுக்கொடுத்து, முதுகைச் சுற்றிப் பிடித்து, எண்ணி, தூக்கினேன். கேட்டேன். சொல்லவில்லை.

கையெழுத்தா? போட்டுவிட்டேன், இந்தாருங்கள். கீழே இருக்கும் வரியை அடித்துவிட்டு 'யார் தூக்கிவிட்டது?' என்று மட்டும் போடுங்கள். அவன் புரிந்துகொள்வான். முட்டைப் பையை மட்டும் கொஞ்சம் பிடியுங்கள், கதவைப் பூட்டிவிடுகிறேன்.

நீங்களும் வாருங்கள், அடுத்த வீதி வரை. அவன் வீட்டு கேட் வந்ததும் பயந்துவிடாதீர்கள், இப்போதெல்லாம் நான் அதைக் காலால் ஓங்கித் தட்டித்தான் திறக்கிறேன். பிறகு செருப்பைக் கழற்றுவது போல வாசலில் கொஞ்ச நேரம் நிற்பேன். உட்கார அவனுக்கு நேரம் வேண்டும். அவசரத்தில் உட்காரப் போய் விழுந்து தொலைத்தான் என்றால், என் பழி என்னாவது?